துண்டில்லாமல் வந்த அப்போதிக்கரி

யேசுரட்ணத்தை ஊரார் "டாக்குத்தர் ஐயா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை, அப்போதிக்கரி. டாக்டருக்குப் படித்தவர்கள் போக விரும்பாத இடங்களுக்கு அரசாங்கம் அனுப்பிவைக்கிற, கொஞ்சம் படித்த மனிதர். வந்த புதிதில் "நான் டாக்டர் இல்லை" என்று ஒவ்வொருவரையும் திருத்திப் பார்த்தார். ஊரார் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூடுதலாக மதித்தார்கள். பிறகு திருத்துவதை விட்டுவிட்டார். விட்டதில் தனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை என்பதையும் அவரே சொல்வார்.

பிறந்தது திருகோணமலைப் பட்டணத்தில். தகப்பன் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கப்பல்களுக்கு வர்ணம் பூசுகிறவர். மகனை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மாதா கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "இவன் டாக்டராவான்" என்று சொல்லிவைத்திருந்தார். பரீட்சைக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் யேசுரட்ணம் கொழும்பில் அப்போதிக்கரிப் படிப்பை முடித்து, தோப்பூருக்கு அப்பால் வயல்களுக்கு நடுவிலிருந்த ஒரு சின்ன அரசாங்க மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டொரு வருடத்தில் பட்டணத்துக்கு மாற்றம் கிடைக்கும் என்று மனைவி றோசுக்குச் சத்தியம் பண்ணியிருந்தார். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனான். யேசுரட்ணம் வயலை விட்டுப் போகவில்லை.

அங்கே வைத்தியம் நடக்கிற விதம் இது. மருந்து இலவசம், போத்தல் இலவசம் இல்லை. ஆகவே வருகிறவர்கள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருவார்கள். சாராயப் போத்தல், சர்பத் போத்தல், தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தல். காலையில் அவற்றை விறாந்தையில் வரிசையாக வைத்துவிட்டு ஆட்கள் வேப்பமரத்தடியில் இருந்து கதைப்பார்கள். போத்தல்கள் தங்களுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்கும். யேசுரட்ணத்தின் மேசையில் இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகள் இருந்தன. காய்ச்சல், இருமல் என்றால் சிவப்பு. வயிறு என்றால் வெள்ளை. இரண்டும் என்றால் இன்னொரு போத்தல் கொண்டுவர வேண்டும். காலப்போக்கில் அவருக்கு ஆட்களின் முகத்தைவிடப் போத்தல்தான் நல்ல பழக்கமாகிவிட்டது. "அந்தச் சப்பைப் போத்தலுக்கு இருமல் சுகமோ?" என்று கேட்பார்.

ஊசி போடுவது மருத்துவிச்சி சுபைதாவின் வேலை. இருந்த சில ஊசிகளையே அவித்து அவித்துப் போட்டார்கள்.

"ஐயா, ஊசி மழுங்கிப்போச்சு. புதுசு கேட்டு எழுதுங்க," என்று சுபைதா சொல்லுவாள்.

"எறும்புக் கடிதானே புள்ள. சனத்துக்கு இப்ப தோல் மெல்லிசாப் போச்சு," என்பார் யேசுரட்ணம். ஊசிக்கு முகம் சுளிக்கிறவர்களிடமும் எறும்புக் கதைதான்.

பிறகு, எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் ஒழுங்காக வராத காலம் வந்தது. மருந்தும் அதில் ஒன்று. சிவப்பு ரோசாவாகியது. ரோசா, வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு நிறமாகியது. ஊரார் குறை சொல்லவில்லை. மரியாதையாக யேசுரட்ணத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மூதூர் பஸ் ஏறி, மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் குடாவைத் தாண்டிப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மூக்கொழுகுகிற தடிமனுக்கும் போனார்கள். விறாந்தையில் போத்தல்கள் குறைந்துகொண்டு வந்தன. யேசுரட்ணத்துக்கு அது மனவருத்தம். ஆனால் மனவருத்தம் என்று அவர் சொல்லவில்லை, "நாட்டின் சுகாதாரப் பிரச்சினை" என்று சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் சனநெருக்கம் தாங்க ஏலாமல் போகவே, மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகள் ஒரு கூட்டம் வைத்து, கிராமத்து உத்தியோகத்தரிடம் யோசனை கேட்டார்கள். யேசுரட்ணம் அதுவரைக்கும் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவரில்லை. அன்று எழும்பினார். எழும்பியவர் திரும்பக் கதிரையில் இருக்க மறந்துபோனார்.

"ஒவ்வொருத்தரும் முதல்ல தங்கட ஊர் மருந்தகத்துக்குப் போகவேணும். அங்க இருக்கிற அப்போதிக்கரி நோயாளியை நேரில பார்த்து, ஏலாது எண்டு துண்டு எழுதிக் குடுத்தால் மட்டும் இங்க எடுக்கவேணும். துண்டு இல்லாட்டி, திருப்பி அனுப்பவேணும். ஆராக இருந்தாலும்." அதோடு விடவில்லை. "மற்றது, பின்கதவு. உத்தியோகத்தரும் அவையின்ர சொந்தக்காரரும் பக்கத்துக் கதவால உள்ளுக்குப் போய் மருந்து எடுக்கினம். அந்தக் கதவை ஆணி வைச்சு அடிக்கவேணும்."

கைதட்டினார்கள். யோசனைகள் வழக்கமாக எங்கே போகுமோ அங்கே இதுவும் போய்விடும் என்றுதான் யேசுரட்ணமும் நினைத்தார். இது போகவில்லை. அடுத்த மழைக்கு முன் சட்டமாகிவிட்டது. பட்டணத்துக்குள் இருக்கிறவர்களுக்குத் துண்டு தேவையில்லை, வெளியூராருக்குத் தேவை.

ஊரார் துண்டு கேட்டு வந்தார்கள். யேசுரட்ணம் துண்டைப் பூட்டி வைத்தார். ஆதம்பாவா என்கிற வயல்காரர் நாரிநோ, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்று இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் யேசுரட்ணம் அவருடைய போத்தலை வாங்கி நிரப்பிக்கொண்டே, "இதெல்லாம் இஞ்சயே சுகமாகும்" என்றார். மூன்றாம் தரம் ஆதம்பாவா வரவில்லை. தன் நாரி திருந்தச் சுகம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். யேசுரட்ணம் அதை நம்பினார், தன்னுடைய மருந்து வேலை செய்ததென்று றோசிடமும் சொன்னார்.

இப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் தாடி வழிக்கையில், வலது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டையளவில் ஒரு கட்டி.

இன்னொருவருக்கு என்றால் யேசுரட்ணம் சிவப்பு மருந்து கொடுத்திருப்பார். தனக்கு என்றபடியால் அலுமாரியிலிருந்த தடித்த இங்கிலீசு வைத்தியப் புத்தகத்தை எடுத்தார். கழுத்தில் வருகிற கட்டிகளைப் பற்றி அதில் நீளமாக இருந்தது. வாசிக்கிறவர் பயப்படாத காரணங்கள் முதலில் இருந்தன, அவற்றை அவர் தாண்டிப்போனார். கடைசியில் புற்றுநோய் இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். கட்டி வளர்கிறதா என்று மணிக்கொருதரம் அமத்திப் பார்த்தார். அமத்த அமத்த அது வளர்ந்தது.

றோஸ் கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சருங்கோ, ஏன் கழுத்தையே பிடிச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டிப் பட்டணத்தில போய் ஒரு டாக்டருக்குக் காட்டுங்கோ."

அவர் பயந்துபோயிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தான் போனால் அரசாங்க வீட்டையும் விட வேண்டிவரும். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு பெருமை ஒளித்துக்கொண்டிருந்தது. ஊர் ஆட்கள் காணக்கூடாது. எல்லாரையும் "இஞ்சயே சுகமாகும்" என்று மறித்து வைத்தவர் தன் கழுத்தைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினார் என்று கதை வரக்கூடாது. ஆகவே கட்டியை மறைக்க ஒரு மப்ளரைக் கழுத்தில் சுற்றினார். சித்திரை மாதம். வீதியில் நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத வெயில். மப்ளர் கட்டிய மனிதர் ஒருவரை அந்த ஊரில் முந்தி ஒருவரும் கண்டதில்லை.

புறப்படும்போது றோஸ் அவருடைய பைக்குள் ஒரு போத்தலைப் பேப்பரில் சுற்றி வைத்தாள். "போத்தல் இல்லாமப் போனா மருந்து தரமாட்டினம்," என்றாள். அவர் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன வசனம்.

மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்குள் ஏறியவர் அப்படியே திரும்பி இறங்கலாமா என்று யோசித்தார். தன்னுடைய ஊர் முழுக்க உள்ளே இருந்தது. நடுவில் ஆதம்பாவா, திருந்தச் சுகமான நாரியோடு, ஒரு பக்கம் சரிந்தபடி.

"வாங்க டாக்குத்தர் ஐயா. எங்க பயணம்?"

"ஸ்டோர்சுக்கு. மருந்து எடுக்க. நீங்க?"

"நம்மட தங்கச்சிர மகளுக்கு ஒரு கலியாணக் கதை. அதான்." ஆதம்பாவா மப்ளரைப் பார்த்தார். "என்ன ஐயா, குளிருதா?"

"தடிமன்."

"தடிமன் எண்டா நம்மட மருந்தகத்தில சிவப்பு மருந்து இருக்கே. நல்ல மருந்து."

முன்னால் இருந்த சித்தி பரீதா என்கிற ஊர்ப் பெண், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தான் புடவை எடுக்கப் போவதாகக் கேளாமலே சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் உறுதி எடுக்கக் காணிக் கந்தோருக்கு. அதற்குப் பக்கத்தில் இருந்தவர் மருமகனைப் பார்க்க. இருமிக்கொண்டே சொன்னார். அந்த லோஞ்சில் நோயாளி என்று ஒரு ஆள்கூட இல்லை.

குடாவின் நடுவே வந்ததும் வெளிக்கடலின் அலை பக்கவாட்டில் தூக்கியது. லோஞ்சு ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. கலியாணக் கதைக்குள்ளிருந்து கிளிங் என்று ஒரு போத்தல் சத்தம் போட்டது. புடவைக்கடையிலிருந்து இன்னொன்று. காணிக் கந்தோருக்குள் இரண்டு போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அடுத்த அலைக்கு லோஞ்சு முழுக்கக் கிணுகிணுத்தது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். யேசுரட்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பேரையும் ஒரே வலையில் பிடித்த அதிகாரியைப் போல நிமிர்ந்து இருந்தார். மூன்றாவது அலை அவருடைய பையைத் தூக்கி லோஞ்சின் இரும்புச் சட்டத்தில் மோதியது. றோஸ் சுற்றிய பேப்பர் அவ்வளவு தடிப்பில்லை.

ஆதம்பாவா அவசரப்படாமல் திரும்பினார். "ஸ்டோர்சிலயும் இப்ப போத்தல் கொண்டு போனாத்தான் மருந்தோ, ஐயா?"

சித்தி பரீதாவின் தோள்கள் குலுங்கின. யேசுரட்ணம் மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரிக்கு வந்ததும் கால் தானாகவே பக்கத்துக் கதவுக்குப் போனது. உத்தியோகத்தருக்குத் தெரிந்த கதவு, அதற்குள் போனால் வரிசையும் இல்லை, துண்டும் இல்லை. கதவின் குறுக்கே ஒரு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணிகள் பெரிய ஆணிகள். அரசாங்கம் தன்னுடைய யோசனையை இவ்வளவு உறுதியாக நிறைவேற்றும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வரிசையில் நின்றார். ஆதம்பாவா பின்னுக்கு வந்து நின்றார். சீட்டெழுதுகிற யன்னலில் ஒரு புதுப் பொடியன். தலை நிமிராமலே கை நீட்டினான்.

"துண்டு?"

"தம்பி, நான்தான் துண்டு எழுதுறவர்," என்றார் யேசுரட்ணம் மெதுவாக.

"அப்ப ஒண்டு எழுதிக்கொண்டு வந்திருக்கலாமே."

"எனக்கு நானே எப்பிடி எழுதுறது?"

"அது எனக்குத் தெரியாது ஐயா. துண்டு இல்லாட்டி எடுக்கப்படாது, ஆராக இருந்தாலும். சட்டம் அது. ஆரோ ஒரு ஆள் கூட்டத்தில எழும்பி நிண்டு கேட்டதாம்."

யேசுரட்ணம் சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். ஒரு ஓட்டையும் இல்லை, நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிப் போனால் அந்தப் புத்தகம்தான் இருக்கிறது, கடைசிப் பக்கம்தான் இருக்கிறது.

பின்னுக்கிருந்து ஒரு கை அவருடைய தோளில் விழுந்தது. "தம்பி, இது நம்மட மச்சான். ஸஹாப்தீன் எண்டு எழுதுங்க. இஞ்ச பட்டணத்திலதான், என்ர தங்கச்சி வீட்டில இருக்கிறவர். அவருக்குத் துண்டு தேவையில்லை."

பொடியன் நிமிர்ந்தான். "இப்ப துண்டு எழுதுற ஆள் எண்டாரே."

"காய்ச்சல் தம்பி. காலையிலயிருந்து இப்பிடித்தான் பேசுறார். போன கிழமை தன்னை டாக்குத்தர் எண்டார்."

"நீங்க?"

"நானும் அந்த வீடுதான்."

பொடியன் எழுதினான். அந்தத் தங்கச்சி வீட்டில் தோப்பூரின் பாதி குடியிருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வரிசை நீளமாக இருந்தது.

சுவரோரத்து மரவாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். "மச்சான், கதைச்சிராதீங்க. காய்ச்சல்காரன் நீங்க," என்றார் ஆதம்பாவா. யேசுரட்ணம் வெக்கை தாங்காமல் மப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆதம்பாவா கட்டியைக் கண்டார். முகத்திலிருந்த பகிடி போய்விட்டது.

"எத்தின நாளா?"

யேசுரட்ணம் கையை விரித்தார்.

"பயமா இருக்கா, ஐயா?"

தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் வாய் திறக்கத் தேவையில்லாமல் இருந்தது பெரிய உதவி.

முன்னாலிருந்த சுவரைப் பார்த்தபடி ஆதம்பாவா சொன்னார்: "நான் நாரிக்கு ரெண்டு தரம் வந்தன். ஒருக்காத் திரும்பச் சொல்லி, கையை வைச்சுப் பாத்திருந்தா நான் இஞ்ச வந்திருக்க மாட்டன். நீங்க போத்தலைத்தான் பாத்தீங்க." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஸஹாப்தீன்" என்று கூப்பிட்டார்கள். யேசுரட்ணம் அசையவில்லை. ஆதம்பாவா முழங்கையால் இடித்ததும்தான் எழும்பினார்.

டாக்டர் ஒரு இளம்பெண். யேசுரட்ணத்தின் மகள்மாரைவிட அதிகம் மூப்பிருக்காது. மப்ளரைத் தானே கழற்றினாள். கழுத்தில் கட்டி இருந்தது. கட்டிக்குக் கீழே சங்கிலி இருந்தது, சங்கிலியில் சிலுவை இருந்தது. அவள் சிலுவையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள்.

"ஸஹாப்தீன் ஐயா, வாயைத் திறவுங்கோ."

திறந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு குச்சியால் கடைவாய்ப் பல்லில் தட்டினாள். யேசுரட்ணம் கதிரையிலிருந்து கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்தார்.

"இந்தப் பல்லு எவ்வளவு நாளாக் குத்துது?"

அவர் யோசித்தார். மாசி மாதத்திலிருந்து இடது பக்கத்தால்தான் சாப்பிடுகிறார். கராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறார். அதையும் இதையும் அவர் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

"பல்லு அழுகி அதாலதான் கழுத்தில நெறி கட்டியிருக்கு. வேற ஒண்டுமில்லை. நெறி வத்த பெனிசிலின் ஊசி போடவேணும், பிறகு வந்து பல்லைக் கழட்டவேணும்." பேனையை எடுத்தாள். "ஊசிக்கு ஒவ்வொரு நாளும் இங்க வர ஏலாது. உங்கட ஊர் எது? உண்மையான ஊர். இண்டைக்கு வந்த எல்லாருமே பட்டணத்து ஆக்களாத்தான் இருக்கினம்."

"தோப்பூருக்கு அங்கால," என்றார் யேசுரட்ணம். கண் கலங்கியிருந்தது. பல்லால்தான் என்று பிறகு சொன்னார்.

"அங்க ஒரு அப்போதிக்கரி இருக்கிறார்தானே. அவரிட்ட வாயைத் திறந்து காட்டியிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பாரே. ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

பொய் சொல்ல அன்றைக்கு அவரிடம் பொய் மிச்சமிருக்கவில்லை.

"அவரில எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, டாக்டர்," என்றார்.

அவள் எழுதித் தந்த துண்டு, ஊர் மருந்தகத்தின் அப்போதிக்கரிக்கு. "கொண்டுவரும் ஸஹாப்தீனுக்கு ஊசி போடவும்." அதை அவர் தனக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். லோஞ்சில் திரும்பும்போது மப்ளர் பைக்குள் இருந்தது. ஆதம்பாவாவுக்கு நாரியில் தடவ ஒரு தைலமும், குனிந்து நிமிர்கிற சில பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குடாவின் நடுவில் போத்தல்கள் சத்தம் போடவில்லை. மருந்து நிரம்பியிருந்தது.

அடுத்த நாள் காலை சுபைதா துண்டை வாசித்தாள். "ஸஹாப்தீன் ஆர் ஐயா?"

"நான்தான் புள்ள. ஊசியை எடு."

திரைக்குப் பின்னால் வாங்கில் குப்புறப் படுத்தார். வெளியே வேப்பமரத்தடிக் கதை ஒரேயடியாக நின்றுபோயிருந்தது. சுபைதா ஊசியை ஏற்றினாள். அது ஏறவில்லை. தோலை உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. அவள் இன்னும் அமத்தினாள். யேசுரட்ணம் ஒரு சத்தம் போட்டார். அது தமிழுமில்லை, இங்கிலீசுமில்லை.

விறாந்தையிலிருந்து ஆதம்பாவாவின் குரல் வந்தது. "எறும்புதானே, மச்சான்?"

அன்று பின்னேரம் முழுக்க யேசுரட்ணம் எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் ஊசிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மிச்ச ஊசிகளும் தனக்குத்தான் என்பது அவருக்கு மறக்கவில்லை.

பிறகு நெறி வற்றியது. பல் போனது. அடுத்த கூட்டத்தில், துண்டுச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். "நல்லா வேலை செய்யுது," என்றார் யேசுரட்ணம். "ஆனா சனம் இஞ்ச ஓடிவாறதுக்குத் துண்டு காரணமில்லை. அங்க நாங்க ஒருத்தரையும் பாக்கிறேல்லை. எங்களுக்குப் புது ஊசி தாங்கோ. நோயாளியைப் படுக்கவைச்சுப் பாக்க ஒரு கட்டில் தாங்கோ. ஒரு டோர்ச் தாங்கோ." இந்த முறை கைதட்டவில்லை. ஒரு அதிகாரி எழுதிக்கொண்டார். டோர்ச் அடுத்த வருடம் வந்தது. பற்றரி வரவில்லை, அதற்கு வேறு இலாகாவுக்கு எழுத வேண்டுமாம். யேசுரட்ணம் தன்னுடைய சைக்கிள் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மருந்தகத்தில் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி, விளக்கைப் பிடித்து, முதலில் பல்லைப் பார்த்தார். காய்ச்சலுக்கும் பல், வயிற்றுவலிக்கும் பல். ஒருநாள் ஆதம்பாவா நொண்டிக்கொண்டு வந்தார். வயலில் முள் ஏறியிருந்தது.

"வாயைத் திறவுங்க," என்றார் யேசுரட்ணம்.

"ஐயா, காலில."

"தெரியும். திறவுங்க."

ஆதம்பாவா பெருமூச்சு விட்டுவிட்டு வாயைத் திறந்தார். யேசுரட்ணம் விளக்கைப் பிடித்து நன்றாகப் பார்த்தார். பிறகு கீழே குந்தி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.